பழனியம்மாள் அக்காவை நரி கடிக்கவில்லை

இந்த நேரத்தில் உங்கள் வாட்ஸப் குழுவுக்கு எழுதி அனுப்புவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பதினொன்றரை ஆகப்போகிறது. உங்களில் பலர் ஏழு மணி கம்பெனி வேனைப் பிடிக்க ஐந்துக்கே அடுப்பைப் பற்றவைக்கிறவர்கள் என்று எனக்குத் தெரியும். என் மகள் இனியா இப்போதுதான் தூங்கினாள். ஒன்றே முக்கால் வயது. அவள் தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது.

பழனியம்மாள் அக்காவைப் பற்றி எழுதித் தரச் சொல்லி உங்கள் தையல் லைன் தேவகி அக்கா கேட்டுப் பத்து நாளாகிறது. "எங்களுக்கு அவளை மிஷின்ல குனிஞ்ச தலையாத்தான் தெரியும். வீட்டுல எப்படி இருந்தான்னு பக்கத்து வீட்டுக்காரி நீதான் எழுதணும்" என்றார். தினமும் இரண்டு வரி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். இன்று அழிக்க நேரமில்லை. காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா நரி கடித்துச் செத்துப்போனார் என்று எங்கள் தெரு நம்புகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த நரிகளுக்கு விஷம் வைக்கப்போகிறார்கள். அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தவள் நான்.

செய்தி வந்தபோது இனியாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் தம்பி சேகர் அண்ணன் மருத்துவமனையிலிருந்து பேசினார். "முடிஞ்சுபோச்சுங்க" என்றார். அடுத்து அவர் கேட்டது, "வீட்டுக்குக் கொண்டுவரலாமுங்களா? தெருவுல ஏதாச்சும் சொல்லுவாங்களா?" என்பதுதான். சேலத்திலிருந்து முதல் நாள் இரவு பஸ் ஏறி வந்த மனிதர். அவர் காதுக்கே அதற்குள் நரி வந்து சேர்ந்திருந்தது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். அக்காவை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. வேனில் வந்த உங்களைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். மருத்துவமனை வாசலிலிருந்து நேராகச் சுடுகாடு. குளிப்பாட்டவில்லை. புடவை மாற்றவில்லை. நோய் ஒட்டிக்கொள்ளும் என்று தொடப் பயந்தார்கள். ஐம்பத்து நான்கு வயது வரைக்கும் யாருடைய சட்டைக்கோ காலர் தைத்த பெண்ணின் மேல் கடைசியில் கிடந்தது மருத்துவமனைப் போர்வை.

இனி அந்த நரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது.

நாங்கள் அண்ணனூருக்குக் குடிவந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் தெருவில் கடைசி வீடு அக்காவுடையது. அவர் அப்பா ஆவடியில் பாக்டரி வேலையில் இருந்தபோது வாங்கிப்போட்ட மனை. முன்னால் இரண்டு அறை, பின்னால் நீளமான தோட்டம். ஒரு சப்போட்டா, ஒரு இலந்தை, கொஞ்சம் கத்தரி. தோட்டத்தின் கோடியில் பெரிய மதில். அதற்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டியவரை சீமைக்கருவேலம். மதிலின் அடியில் ஒரு மழைக்காலத்தில் செங்கல் சரிந்து ஓர் ஓட்டை விழுந்திருந்தது. ஒரு தையல் மிஷின் தலையை நுழைக்கலாம், அவ்வளவு அகலம்.

குடிவந்த வாரமே, சாயங்காலம் துணி எடுக்கப் போனவள் இடைச்சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி அடையாள அட்டைகூடக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. இருபதடி தள்ளி, சிமெண்ட் தொட்டியில் ஒரு பிராணி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று பின்னால் நின்றது.

"அக்கா, நாய் வந்திருக்கு" என்றேன்.

அவர் திரும்பாமலே உதட்டில் விரலை வைத்தார். அவை குடித்துவிட்டு, மரத்தடியில் விழுந்திருந்த சப்போட்டாவை முகர்ந்து, ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓட்டை வழியாகப் போன பிறகுதான் பேசினார்.

"நாயின்னா நம்ம மூஞ்சியப் பாக்கும் கண்ணு. இது நம்ம கையப் பாக்குது பாரு. கல்லு இருக்கான்னு. இது நரி."

மூன்று நரிகள் வரும். ஒன்றுக்கு இடது காது கிழிந்திருக்கும். ஒன்று குடிக்கும்போது மற்றது குடிக்காது, காதை மட்டும் திருப்பித் திருப்பிக் காவல் காக்கும். ரயில் பணிமனைப் பக்கம் ஹாரன் அடித்தால், மூன்றும் அப்படியே நின்று மூக்கை மேலே தூக்கி ஊளையிடும். அந்த ஊளையை முதலில் கேட்டபோது ஓடிப்போய்ப் பின்கதவைத் தாழ்போட்டேன். அக்காவுக்கோ சிரிப்பு. "ரயிலு ஏதோ அதுங்க சொந்தக்காரன்னு நெனச்சுட்டு இருக்குதுங்க" என்பார். குரங்குக்கும் மாட்டுக்கும் பேர் வைப்பது போல இவற்றுக்கும் ஏதாவது பேர் வைத்திருக்கிறீர்களா என்று ஒருநாள் கேட்டேன். "பேரு வெச்சா கூப்புடத் தோணும். கூப்புட்டா வந்துரும். அப்புறம் அது நரியும் இல்ல, நாயும் இல்ல. அதா வரணும், அதா போவணும்." ஒரு பருக்கை சோறு போட்டதில்லை. தொட்டியில் தண்ணீர் நிரப்புவார், உதிர்ந்த பழத்தைப் பொறுக்காமல் விட்டுவைப்பார். அவ்வளவுதான் அவர் செய்தது.

தெருவுக்கு அது போதவில்லை. நரி முகத்தில் முழித்தால் அதிர்ஷ்டம் என்பதை யார் சொல்லித்தர வேண்டும்? எதிர்வீட்டு ஆட்டோக்கார ஜெகன் ஒருநாள் விடியற்காலையில் கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, மனைவி கையைப் பிடித்தபடி அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் பால் வாங்க நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாக்கா, உங்க ஊட்டு நரி வந்துச்சா? எனக்கு இன்னிக்கு வண்டிக்கு எப்.சி. கீது. கண்ணு தொறக்காம வந்துகீறேன்."

"டிக்கெட் எடுத்துட்டு வந்தீங்களா தம்பி?"

"கலாய்க்காதக்கா. மெய்யாலுமே கேக்குறேன். போன தபா எம் பொண்டாட்டி மூஞ்சில முழிச்சுட்டுப் போனேன். பிரேக்கு சரியில்லன்னு தொரத்திட்டான்."

"யோவ்!" என்று மனைவி அவர் தலையில் தட்டினாள். அக்கா சிரித்தபடியே கேட்டைத் திறந்துவிட்டார். நரி அன்று வரவில்லை. ஜெகன் முக்கால் மணி நேரம் கண் கட்டுடன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்து, எழுந்தபோது தொட்டியில் இடித்துக்கொண்டார். அக்கா உங்களிடமும் இதைச் சொல்லிச் சிரித்திருப்பார். வேறெப்போதும் அவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர் சிரிக்காமல் சொன்ன ஒன்றும் உண்டு. சென்ற பொங்கலுக்கு மறுநாள் சுவரோரமாக நின்று பேசிக்கொண்டிருந்தோம். சிறு வயதில் சேலம் பக்கம் அவர்கள் ஊரில் பொங்கல் சமயத்தில் காட்டில் வலை கட்டி நரி பிடிப்பார்களாம். வாயைக் கட்டி, பின்னங்காலில் கயிறு போட்டு, மேளத்தோடு கோயிலைச் சுற்றிக் கொண்டுவருவார்கள். ஊரே அதன் முகத்தைப் பார்க்கும். பிறகு அவிழ்த்துவிடுவார்கள். இவரையும் அப்பா தோளில் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

"கண்ணுலருந்து தண்ணி ஊத்துது அதுக்கு. ஊரு பூரா நல்லா இருக்கணும்னு அதும் முகத்துல முழிச்சோம். அது பாவம், அன்னிக்கு யாரு முகத்துல முழிச்சுதோ" என்றார். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகுதான் இந்த நரிகளைத் தொந்தரவு செய்யாமல் வெறுமனே பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். அதை அவர் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டது.

இனியா நடக்கத் தொடங்கிய பிறகு எனக்கு எல்லாம் மாறிப்போனது. தாயானவர்களுக்குப் புரியும், பிளக் பாயிண்ட் முதல் பட்டன் வரை எல்லாம் எமனாகத் தெரிகிற காலம். ஒரு சாயங்காலம் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தபோது அவள் என் கையிலிருந்து நழுவித் தொட்டிப் பக்கம் ஓடிவிட்டாள். தொட்டிக்கு அந்தப் பக்கம் காது கிழிந்த நரி நின்றது. இரண்டுக்கும் நடுவே ஐந்தடி இருந்திருக்கும். நான் கத்தினேன். நரி ஒரு நொடி குழந்தையின் கையைப் பார்த்தது, திரும்பி ஓடிவிட்டது. அக்கா எனக்கு முன்னால் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கியிருந்தார். "ஒண்ணுமில்ல கண்ணு, அதுதான் பயந்துருச்சு" என்றார். நான் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டேன். "உங்களுக்குக் குழந்தை இருந்தா இப்படிப் பேச மாட்டீங்க" என்று சொன்னேன்.

எழுதிவிட்டேன். இதை எழுதத்தான் பத்து நாள் ஆகியிருக்கிறது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. மறுபடி அவரை நன்றாகப் பார்த்தது, அவர் இறப்பதற்கு எட்டு நாள் முன்னால். மாடியிலிருந்து பார்த்தேன். தொட்டிக்கு வாளியில் தண்ணீர் கொண்டுபோனார், இடது கையால். வலது ஆள்காட்டி விரலில் பெரிய துணிக்கட்டு. "என்னக்கா கையில?" என்று மேலிருந்தே கேட்டேன். "இலந்த முள்ளு கண்ணு" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் குழந்தையைத் தூக்கியது, தொட்டி, நரி, எச்சில் எல்லாம் மண்டைக்குள் சுழன்றது. அன்றே எங்கள் தெருவின் வாட்ஸப் குழுவில் எழுதினேன். "கடைசி வீட்டு அக்காவின் கையில் காயம் இருக்கிறது. நரி கடித்தால் வெறிநோய் வருமா? யாருக்காவது தெரியுமா?" கேள்விதான் கேட்டேன். ஆனால் ஒரு மணி நேரத்தில் கேள்விக்குறி உதிர்ந்துபோயிருந்தது.

அந்தக் குழுவில் அக்காவும் இருந்தார் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் வேலை முடிந்து நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே கண்ணு" என்றார். கோபமே இல்லை. வழக்கம்போல இனியா அவரிடம் தாவக் கையை நீட்டினாள். நான் அவளை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். அக்கா அதைப் பார்த்தார். கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே இனியாவுக்குத் தடுப்பூசி நாள். டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "குழந்தையக் கடிச்சுதா, நக்குச்சா, கீறுச்சா? எதுவும் இல்லேல்ல? அப்புறம் என்னம்மா?" என்றார். அந்தம்மாவுக்கு எப்போது காயம் என்று கேட்டார். கட்டைப் பார்த்த தேதியைச் சொன்னேன். வெறிநோய் அத்தனை சீக்கிரம் வராது, முதலில் அவரைச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள் என்றார். வீட்டுக்கு வந்தேன். என் பயம் தீர்ந்துவிட்டது. குழுவில் அதை எழுதவில்லை. அக்காவிடமும் போய்ச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை இருந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதற்கு மூன்றாம் நாள் காய்ச்சலில் மயங்கி விழுந்து கிடந்தவரை ஜெகன்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். கை முழங்கை வரை வீங்கிக் கறுத்திருந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. "ஊசி துண்டெல்லாம் சேந்துருச்சுன்னு சொல்லிரு கண்ணு. லைன நிறுத்தவேண்டாம்னு சொல்லு" என்றார். இரண்டு முறை சொன்னார். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நினைத்தேன். டாக்டரிடம் அவர் கதவிடுக்கில் விரல் நசுங்கியதாகச் சொல்லியிருந்தார். கையை எக்ஸ்ரே எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு நேரமும் இருக்கவில்லை. தம்பியிடம் கொடுத்த காகிதத்தில், கைக்காயத்திலிருந்து ரத்தத்தில் தொற்று, கட்டுக்கு அடங்காத சர்க்கரை என்று இருக்கிறது. காயம் எதனால் என்று எழுதவில்லை. முள் என்றார், கதவு என்றார். இரண்டும் பொய் என்பதால் தெரு மூன்றாவதைப் பிடித்துக்கொண்டது.

அவர் சொன்னது பிதற்றல் இல்லை என்று போன வாரம்தான் புரிந்தது. சேகர் அண்ணன் வீட்டைப் பூட்டும் முன் சாப்பாட்டுப் பையைக் கழுவிவைக்கச் சொல்லிக் கொடுத்தார். உள்ளே கட்டம்போட்ட சட்டைத் துணியின் வெட்டுத்துண்டு ஒன்று, ரத்தம் காய்ந்து மடிந்து கிடந்தது. மேலே வெள்ளைத் தையல் நூலால் சுற்றிக் கட்டியிருந்த தடம். அது முள் குத்தி வீட்டில் போட்ட கட்டில்லை. மிஷினிலேயே, பக்கத்தில் கிடந்த துணியில் போட்டது.

உங்களுக்குத் தெரிந்ததை நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கித் தாளில் ஒட்டிக் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்கள், ஒரு துண்டு குறைந்தாலும் நாற்பது மிஷின் உள்ள லைனையே நிறுத்தித் தைத்த உருப்படி அத்தனையையும் சோதிப்பார்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அன்று ஊசி அவர் விரலுக்குள் உடைந்தது என்று நினைக்கிறேன். முனை உள்ளேயே தங்கியிருக்க வேண்டும். லைன் நிற்கக்கூடாது, நாற்பது பேர் திட்டு வாங்கக்கூடாது என்று, யாரோ ஒருவர் வேறொரு பழைய முனையைக் கொடுத்துத் துண்டுகளைச் சேர்த்துக் காட்டியிருக்க வேண்டும். அக்காவே கெஞ்சிக் கேட்டிருப்பார். காயத்தைச் சொன்னால் முனையை மாற்றிக் காட்டியதும் வெளியே வரும். அதனால்தான் முள், கதவு. இது என் ஊகம். தேவகி அக்காவைக் கேட்டேன், அன்று அவர் லீவு.

இன்று மாலை தெரு நலச் சங்கத்துக் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பார்த்தேன். கோழித் தலையில் மருந்து கலந்து மதில் ஓட்டையில் வைப்பது, பிறகு ஓட்டையை அடைப்பது என்று முடிவாகியிருந்தது. சேகர் அண்ணனும் போனில் சரி என்றுவிட்டாராம். பயந்திருக்கிறார். ஜெகன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீதானம்மா மெசேஜ் போட்டே? இப்போ இன்னாத்துக்குப் பல்டி அடிக்கிறே? எம் ஊட்லயும் ரெண்டு பசங்க கீது."

கூட்டம் கலைந்த பிறகு அவரே வீட்டு வாசல் வரை வந்தார். "அக்காவ நான்தான் தூக்கிகினு போனேன். ஆட்டோல வரசொல்லோ நரி கடிக்கலப்பான்னுதான் சொல்லிச்சு. ஆனா நான் சொன்னா எவன் கேப்பான்? கூட வேல செஞ்சவங்க யாராச்சும் ஊசிதான்னு ஒரு வார்த்த சொல்லட்டும், போன்லயே சொல்லட்டும். ஞாயித்துக்கெழம மருந்து வெக்க வுடாம நான் முன்னால நிக்கிறேன்" என்றார்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை அதிகமில்லை. ஓர் உயிரைப் பக்கத்தில் கூப்பிடாமல், துரத்தாமல், அது வந்து போகிறவரை உட்கார்ந்து பார்க்கலாம் என்பது ஒன்று. இனியாவின் விஷயத்தில்கூட அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்று, முதுகுக்குப் பின்னால் போன அந்தக் கை. அதை நான் வைத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

உங்களில் அந்த முனையைக் கொடுத்தவருக்கு இதைச் சொல்கிறேன். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நீங்கள் அன்று அவர் கேட்டதைச் செய்தீர்கள். நான் யாரும் கேட்காததைச் செய்தேன். இந்தக் குழுவில் சூப்பர்வைசர்கள் யாரும் இல்லை என்று தேவகி அக்கா உறுதி சொல்லியிருக்கிறார். அப்படியும் பயமாக இருந்தால் என் எண்ணுக்குத் தனியாகப் பேசுங்கள், உங்கள் பெயர் என் வாயிலிருந்து வராது. ஒருவேளை என் ஊகம் தவறு, அன்று ஊசி எதுவும் உடையவில்லை என்றாலும் அதையும் சொல்லிவிடுங்கள்.

இன்று புதன். சனிக்கிழமை இரவுக்குள் தெரிந்தாக வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.